ஆளுக்கொரு ஊர், கருவி ஒன்று: திறமூல வன்பொருளைக் கூட்டாக உருவாக்கும் முறை

"டிசைனை கிட்ஹப்ல போட்டாச்சு, இனி யார் வேணும்னாலும் செஞ்சுக்கலாம்." சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் ஆர்வலர்கள் கூடும் இடங்களில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு இது. (கிட்ஹப் என்பது கோப்புகளைப் பொதுவில் வைக்கும் இணையதளம்.) அந்தக் கோப்புகளை இறக்கிப் பார்த்தால், பல நேரம் உள்ளே இருப்பது சுற்றுப்படத்தின் ஒரு பி.டி.எஃப்., மேலிருந்து எடுத்த இரண்டு போட்டோ, மைக்ரோகன்ட்ரோலரில் (கருவியை இயக்கும் சிறு கணினிச் சிப்) ஏற்ற ஒரு புரோகிராம். இதை வைத்துக்கொண்டு இன்னொருவர் அதே கருவியைச் செய்வது சிரமம். திருத்தி மேம்படுத்துவது அதைவிடச் சிரமம்.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. உலகெங்கும் இருப்பவர்கள் சேர்ந்து மென்பொருள் எழுதுகிறார்களே, அதே முறையை வன்பொருளுக்கும், அதாவது கையில் எடுக்கும் கருவிகளுக்கும், அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்பது. பாதிதான் சரி. தாம்பரத்தில் ஓடும் புரோகிராமும் டொரான்டோவில் ஓடும் புரோகிராமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கும். ஒரே கோப்பிலிருந்து செய்த இரண்டு சர்க்யூட் பலகைகள் அப்படி இருப்பதில்லை. டிரான்சிஸ்டர் வேறு கடையில் வாங்கியது, பெட்டி வேறு பிளாஸ்டிக்கில் அச்சிட்டது, வைத்திருக்கும் இடத்தின் வெயில் வேறு. இந்த வேறுபாடுகளைக் குறைப்பதும், குறைக்க முடியாதவற்றை எழுதிவைப்பதும்தான் இந்தக் கூட்டுவேலையின் பெரும்பகுதி.

கட்டுரை முழுக்க ஒரே கருவியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்: மொட்டை மாடித் தொட்டியின் நீர்மட்டத்தை அல்ட்ராசானிக் சென்சாரால் (ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்வது) அளந்து, கீழே சம்ப் மோட்டாரை நிறுத்தச் சொல்லும் கருவி. ஒருவர் தாம்பரம், ஒருவர் திருச்சி, ஒருவர் டொரான்டோ என்று வைத்துக்கொள்வோம்.

எது மூலக்கோப்பு?

பத்திரிகைகளில் மார்கழிக் கோலம் வெளியிடும்போது படத்துக்குக் கீழே "15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி" என்று ஒரு வரி போடுவார்கள். நடுவரிசையில் 15 வைத்து, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைத்து, 8-இல் நிறுத்த வேண்டும். அந்த வரி கையில் இருந்தால் படம் மங்கலாக இருந்தாலும் எந்த ஊரிலும் அதே கோலத்தைப் போடலாம். வாசல் சிறியது என்றால் எங்கே குறைக்கலாம் என்றும் யோசிக்கலாம். படம் மட்டும் இருந்தால் பார்த்து வரையலாம், கணக்கில் கை வைக்க முடியாது.

வன்பொருளில் புள்ளிக்கணக்கு என்பது மூலக்கோப்பு: வடிவமைத்தவர் எந்தக் கோப்பைத் திறந்து திருத்துவாரோ அது. கீகேட் என்ற இலவசத் திறமூலச் செயலியில் வரைந்த சுற்றுப்படமும் பலகை அமைப்பும், ஃப்ரீகேட்டில் வரைந்த பெட்டியும் மூலக்கோப்புகள். கோலத்தின் படத்தைப் போன்றவை விளைவுக்கோப்புகள். பலகை தயாரிக்கும் தொழிற்சாலைக்கு அனுப்பும் கெர்பர் கோப்பு (ஒவ்வொரு செம்புப் படலமும் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வது), முப்பரிமாண அச்சுக்குக் கொடுக்கும் எஸ்.டி.எல். கோப்பு இரண்டும் இந்த வகை. எஸ்.டி.எல். கோப்பில் இருப்பது முக்கோணங்களின் குவியல். அதில் ஒரு துளையை 3.2 மி.மீ.-லிருந்து 3.4 மி.மீ. ஆக்க வேண்டும் என்றால் படாத பாடு பட வேண்டும். மூலக்கோப்பில் அது ஒரு எண்ணை மாற்றும் வேலை.

திறமூல வன்பொருள் என்றால் இந்த மூலக்கோப்பைப் பொதுவில் வைத்து, யாரும் படிக்கவும், மாற்றவும், செய்யவும், செய்ததை விற்கவும் அனுமதி கொடுப்பது. "படிக்கலாம், விற்கக் கூடாது" என்று சொன்னால், பொதுவாக ஏற்கப்பட்ட வரையறைப்படி அது திறமூலம் ஆகாது. அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும். வன்பொருளுக்கென்றே எழுதப்பட்டது ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகத்தின் ஓ.எச்.எல். (திறந்த வன்பொருள்) உரிமம். 2020-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் மூன்று வகைகள்: மாற்றியவர் தன் மாற்றத்தையும் திறந்தே வைக்க வேண்டும் என்னும் எஸ், அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தும் டபிள்யூ, கட்டாயமே இல்லாத பி. எதை எடுப்பது என்பதை இரண்டாவது ஆள் சேர்வதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். பத்துப் பேர் பங்களித்த பிறகு உரிமத்தை மாற்றுவது என்றால் பத்துப் பேரின் சம்மதமும் வேண்டும். அதில் இருவர் அதற்குள் தொடர்பில் இல்லாமல் போயிருப்பார்கள்.

ஒரே கோப்பில் இரண்டு கை

கிட் என்பது கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும், யார் எப்போது செய்தார் என்பதோடு சேமிக்கும் கருவி. கிட்ஹப், கிட்லேப் போன்றவை அந்தச் சேமிப்பைப் பொதுவில் வைக்கும் இடங்கள். மென்பொருளில் இருவர் ஒரே கோப்பின் வெவ்வேறு வரிகளை மாற்றினால் கிட் தானாகவே இரண்டையும் இணைத்துவிடும். இதற்கு மெர்ஜ் என்று பெயர்.

வன்பொருளில் இங்கேதான் கால் இடறும். கீகேட் கோப்புகள் எழுத்து வடிவில் இருப்பதால் கிட் அவற்றையும் இணைக்கப் பார்க்கும், சில நேரம் இணைத்தும் விடும். ஆனால் கிட் பார்ப்பது வரிகளை; செம்புத் தடங்களை அல்ல. தாம்பரத்தவர் ஒரு கனெக்டரை 5 மி.மீ. நகர்த்த, திருச்சிக்காரர் அதே இடத்தில் ஒரு தடத்தை ஓட்ட, கிட் இரண்டையும் சத்தமில்லாமல் சேர்த்துவைக்கும். பலகையில் ஷார்ட் சர்க்யூட் தயார். ஃப்ரீகேட் கோப்பு சுருக்கப்பட்ட ஜிப் தொகுப்பு என்பதால் அதை கிட் இணைக்கவே முடியாது. இருவர் மாற்றினால் ஒருவருடைய வேலை வீண்.

ஆகவே நடைமுறை இது. ஒரு பலகைக் கோப்பில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் கை வைக்கலாம். "பலகை என்னிடம், வெள்ளிக்கிழமை வரை" என்று பொதுவில் ஒரு வரி எழுதிவிட்டு எடுக்க வேண்டும், முடிந்ததும் விட்டேன் என்று எழுத வேண்டும். சுற்றுப்படத்தைப் பவர், சென்சார், ரிலே (சிறு மின்னோட்டத்தால் இயங்கும் சுவிட்ச்) என்று தனித்தனித் தாள்களாகப் பிரித்தால் தாளுக்கு ஒருவர் வேலை செய்யலாம். கீகேட்டில் ஒவ்வொரு தாளும் தனிக் கோப்பாகவே சேமிக்கப்படுகிறது. இணைத்த பிறகு சுற்று விதிச் சோதனை (இணைப்புகளில் பிழை உண்டா என்று பார்ப்பது), பலகை விதிச் சோதனை (தடங்கள் முட்டுகின்றனவா என்று பார்ப்பது) இரண்டையும் ஓட்டிப் பார்க்காமல் ஏற்கக் கூடாது. 2024-இல் வந்த கீகேட் 8 முதல் இவ்விரண்டையும் கட்டளை வரியிலிருந்தே ஓட்டலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சர்வரில் தானாக ஓடும்படி அமைத்துவிட்டால் யாரும் மறக்க வழியில்லை.

எல்லா வன்பொருளும் இப்படி முரண்டு பிடிப்பதில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான சக்தி ப்ராசசர் ப்ளூஸ்பெக் என்ற மொழியில், எழுத்துக் கோப்புகளாகவே எழுதப்பட்டது. சிலிக்கானில் செதுக்க அனுப்பும் கட்டம் வரை அதில் கூட்டுவேலை ஏறக்குறைய மென்பொருளைப் போலவே நடக்கும்.

ஊர் பிரிந்தாலும் முட்டாமல் இருக்க

பெட்டியைத் திருச்சியிலும் பலகையை டொரான்டோவிலும் வடிவமைக்கிறார்கள் என்றால், இருவரும் தினமும் பேசிக்கொள்ளத் தேவையில்லை. இருவருக்கும் இடையே உள்ள எல்லையை ஒரு பக்கத்தில் எண்ணாக எழுதிவிட்டால் போதும். இதற்கு இடைமுக ஆவணம் என்று பெயர். நம் கருவிக்கு அது இப்படி இருக்கலாம்:

பலகை 60 × 40 மி.மீ., தடிமன் 1.6. நான்கு எம்3 திருகுத் துளைகள், மையத்துக்கு மையம் 52 × 32. பலகையில் துளை விட்டம் 3.2, அச்சிடும் பெட்டியில் 3.4, ஏனெனில் அச்சில் துளை வரைந்ததைவிடச் சற்றுச் சுருங்கியே வரும். பலகைக்கு மேல் அதிகபட்ச உயரம் 18. சென்சார் கேபிள் இடது பக்கமாக, 4 முனை: 5 வோல்ட், டிரிகர், எக்கோ, கிரவுண்ட், இதே வரிசையில். மைக்ரோகன்ட்ரோலர் இ.எஸ்.பி.32, அதன் முனைகள் 3.3 வோல்ட்டுக்கு உரியவை என்பதால் 5 வோல்ட்டில் வரும் எக்கோ, 1 கிலோஓம் – 2 கிலோஓம் பிரிப்பான் (மின்னழுத்தத்தைக் குறைக்கும் இரண்டு ரெசிஸ்டர்) வழியாகவே உள்ளே போக வேண்டும், அந்தப் பிரிப்பான் பலகையில் இருக்கும்.

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். பிரிப்பான் எந்தப் பக்கம் என்று எழுதாவிட்டால் இரண்டு பக்கமும் மற்றவர் வைத்திருப்பார் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். இந்தப் பக்கத்தில் உள்ள எந்த எண்ணையும் மாற்ற வேண்டும் என்றால் மூவரும் சம்மதிக்க வேண்டும். மற்றதெல்லாம் அவரவர் விருப்பம்.

ஒரு எல்லையை மட்டும் கண்டிப்பாக வகுக்கச் சொல்வேன். 230 வோல்ட் மோட்டார் பக்கத்தைத் திட்டத்துக்குள் இழுக்காதீர்கள். வீடுகளில் உள்ள 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தைக் கிளம்பும்போது இழுக்கும். கடையில் கிடைக்கும் நீல நிற 10 ஆம்பியர் ரிலேயின் தொடுமுனைகள் அதில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் மோட்டார் நிற்காது. ரிலே ஒரு கான்டாக்டரின் (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் சுவிட்ச்) சுருளை மட்டும் இயக்கட்டும், மோட்டாரைக் கான்டாக்டர் சுமக்கட்டும், அதை எலெக்ட்ரீஷியன் பொருத்தட்டும்.

இதுவரை பார்த்தது: திருத்தக்கூடிய கோப்பைப் பொதுவில் வைக்க வேண்டும், ஒரு பலகையில் ஒரு நேரத்தில் ஒரு கை, பகுதிகளுக்கு இடையிலான எல்லை எண்ணில் இருக்க வேண்டும். இவை திரையில் முடிகிற வேலைகள். இனிமேல் வருவது கடையும் சால்டரிங் அயர்னும் சம்பந்தப்பட்டது.

உதிரிபாகப் பட்டியல்: அதிகம் சொதப்பும் இடம்

பலகையில் சேரும் ஒவ்வொரு பாகத்தின் பெயர், எண்ணிக்கை, இடம் ஆகியவற்றின் பட்டியலைத் தொழிலில் பி.ஓ.எம். என்பார்கள். அதில், ரிலேயை இயக்கும் டிரான்சிஸ்டருக்கு (சிறிய மின்னோட்டத்தைப் பெருக்கும் பாகம்), "என்.பி.என். டிரான்சிஸ்டர் – 1" என்று மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

டொரான்டோவில் இருப்பவர் 2என்3904 வாங்குகிறார். தாம்பரத்தவர் சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத் தெருவான ரிச்சி தெருவில் கேட்கிறார். எந்தக் கடையிலும் உடனே கிடைக்கும் பி.சி.547-ஐக் கொடுப்பார்கள். இரண்டும் என்.பி.என்., இரண்டும் மூன்று காலுள்ள அதே சிறிய கறுப்பு உறை. தட்டையான முகத்தை நம் பக்கம் வைத்து இடமிருந்து வலமாகப் பார்த்தால் 2என்3904-க்கு எமிட்டர், பேஸ், கலெக்டர், பி.சி.547-க்கு கலெக்டர், பேஸ், எமிட்டர். தலைகீழ். பேஸ் நடுவிலேயே இருப்பதால் டிரான்சிஸ்டர் செத்துப்போகாது, அரைகுறையாக வேலை செய்யும். அதுதான் ஆபத்து. 5 வோல்ட் ரிலேயின் சுருளுக்குச் சுமார் 70 மில்லிஆம்பியர் வேண்டும். 1 கிலோஓம் வழியாக 3.3 வோல்ட்டிலிருந்து பேஸுக்குப் போவது சுமார் 2.6 மில்லிஆம்பியர். அதாவது டிரான்சிஸ்டர் 27 மடங்காவது பெருக்கித் தர வேண்டும். நேராக மாட்டியிருந்தால் தாராளமாகத் தரும். கலெக்டரும் எமிட்டரும் இடம் மாறினால் அந்தப் பெருக்கம் மிகவும் குறைந்துவிடும். ரிலே இழுக்காது, அல்லது லேசாக அதிரும். உடனே திருச்சிக்காரர் புரோகிராமில் பிழை தேட ஆரம்பிப்பார். சுற்றுப்படம் சரி, பலகை சரி, புரோகிராம் சரி. பட்டியலில் ஒரு பெயர் இல்லாததுதான் குறை.

இதே இனத்தைச் சேர்ந்த இன்னொன்று 0603 என்ற உறை அளவுக் குறியீடு. அங்குலக் கணக்கில் 0603 என்பது 1.6 × 0.8 மி.மீ. பாகம். மி.மீ. கணக்கிலும் 0603 என்று ஓர் அளவு உண்டு, அது 0.6 × 0.3 மி.மீ., மண் துகள் அளவு, கையால் சால்டர் செய்வது பெரும்பாடு. அங்குலக் கணக்கா, மி.மீ. கணக்கா என்று பட்டியலில் ஒரு சொல் சேர்த்தால் தீரும்.

நீர்புகா அல்ட்ராசானிக் சென்சாரிலும் ஒரு விஷயம் இருக்கிறது. இந்த வகைகளுக்குச் சுமார் 20 முதல் 25 செ.மீ. வரை குருட்டுப் பகுதி உண்டு. அதைவிட நெருங்கிய பொருளின் தூரத்தை அவை தப்பாகச் சொல்லும். நீர் நிரம்பும் மட்டத்திலிருந்து 30 செ.மீ. உயரத்திலாவது சென்சார் இருக்க வேண்டும். மாற்று சென்சார் வாங்குபவர் இதைப் பார்க்காவிட்டால், தொட்டி நிரம்பும் நேரத்தில்தான் கருவி தவறு செய்யும்.

பட்டியலில் இருக்க வேண்டிய பத்திகள்: பலகையில் பாகத்தின் குறியீடு, எண்ணிக்கை, மதிப்பு, உறையின் அளவு, தயாரிப்பாளரின் முழுப் பாக எண், ஏற்கக்கூடிய மாற்று, ஏற்கக் கூடாத மாற்று. கடைசிப் பத்தியைப் பெரும்பாலோர் போடுவதில்லை. என் கருத்தில் ஏழு பத்திகளிலும் அதுதான் விலைமதிப்புள்ளது. "கியூ1: 2என்3904. மாற்று: அதே கால் வரிசையுள்ள 2என்4401. கூடாது: பி.சி.547, கால் வரிசை தலைகீழ்" என்று ஒரு வரி எழுத அரை நிமிடம் போதும்.

பதிப்பு எண் பலகையிலேயே இருக்கட்டும்

"என் போர்டுல சரியா வருதே" என்ற வாக்கியம் வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எந்த போர்டு? பலகையின் மேல் அச்சாகும் வெள்ளை எழுத்தில் திட்டத்தின் பெயரையும் பதிப்பையும் (ஏ, பி, சி...) போட்டுவிடுங்கள். தொழிற்சாலைக்கு ஆர்டர் கொடுக்கும் நாளில் கிட்டில் அந்த நிலைக்கு டேக் வையுங்கள். டேக் என்பது ஒரு குறிப்பிட்ட நிலைக்கு ஒட்டும் நிரந்தரப் பெயர்ச்சீட்டு. ஆர்டர் போன பிறகு பதிப்பு ஏ-வில் ஒரு தடத்தைக்கூட மாற்றக் கூடாது. மாற்றினால் அது பி.

பலகை தொழிற்சாலைகள் பலவற்றில் குறைந்தபட்ச ஆர்டர் 5. ஐந்துக்கும் 01 முதல் 05 வரை மார்க்கரால் எண் எழுதி, எது யாரிடம் என்று ஒரு கோப்பில் பதியுங்கள். ஒருவர் தடத்தை வெட்டி ஒயர் இழுத்தால் "ஏ-03: ஆர்4 நீக்கி, 5 வோல்ட்டிலிருந்து ஒயர்" என்று அதே கோப்பில் எழுத வேண்டும். இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து அந்தப் பலகையின் நடத்தை யாருக்கும் விளங்காது.

எல்லாவற்றையும் ஓரிடத்தில் செய்து கூரியரில் அனுப்புவதா, அவரவர் ஊரில் செய்வதா? நாடு தாண்டினால் கஸ்டம்ஸ் வரியும் தாமதமும் சேரும். மேலே சொன்ன பட்டியல் ஒழுங்காக இருந்தால் அவரவர் ஊரில் செய்வது நல்லது. பட்டியல் உண்மையிலேயே போதுமானதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

"வேலை செய்யவில்லை" என்பது அறிக்கை அல்ல

பலகை வந்ததும் மூன்று ஊரிலும் ஒரே வரிசையில் அளக்க வேண்டும். நம் கருவிக்கு:

1. பவர் கொடுக்கும் முன் 3.3 வோல்ட் தடத்துக்கும் கிரவுண்டுக்கும் இடையே ரெசிஸ்டன்ஸ். ஓரிரு ஓம் காட்டினால் ஷார்ட், நிறுத்துங்கள்.
2. மின்னோட்ட வரம்பு வைக்கக்கூடிய சப்ளையில் 5 வோல்ட், வரம்பு 200 மில்லிஆம்பியர். சோதனைப் புள்ளியில் 3.2 முதல் 3.4 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.
3. வைஃபையை இயக்கும் முன் வரம்பை 1 ஆம்பியருக்கு உயர்த்துங்கள். இ.எஸ்.பி.32 வைஃபையில் அனுப்பும்போது மின்னோட்டம் சட்டென்று எகிறும். வரம்பு 200-இலேயே இருந்தால் மின்னழுத்தம் சரிந்து சிப் திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும். குறை பலகையில் இருப்பதாகத் தோன்றும்.
4. சுவரிலிருந்து 50, 100, 150 செ.மீ. தூரத்தில் சென்சார் காட்டும் அளவு. கூடவே அந்த இடத்தின் வெப்பநிலை.

வெப்பநிலை எதற்கு? ஒலியின் வேகம் 20 டிகிரி செல்சியஸில் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர், 40 டிகிரியில் சுமார் 355. டொரான்டோ அறையில் 343 என்று வைத்துச் சரிபார்த்த புரோகிராம், அக்னி நட்சத்திர மதியத்தில் தாம்பரம் மொட்டை மாடியில் 100 செ.மீ.-ஐ 96.6 என்று காட்டும். மூன்றரை செ.மீ. வித்தியாசம். அறிக்கையில் வெப்பநிலை இருந்தால் பார்த்தவுடன் காரணம் புரியும், புரோகிராமில் ஒரு சூத்திரம் சேர்த்தால் தீரும். இல்லாவிட்டால் சென்சார் மேல் பழி விழும். பெட்டியும் இப்படித்தான்: பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும், நேர் வெயிலில் மூடிய பெட்டி அந்தச் சூட்டை நெருங்கிவிடும். சென்னைக்கு, கூடுதல் சூட்டைத் தாங்கும் பி.இ.டி.ஜி. அல்லது ஏ.எஸ்.ஏ. பிளாஸ்டிக் என்று பட்டியலில் எழுதுங்கள்.

அறிக்கையில் பலகை எண், புரோகிராமின் பதிப்பு, மேற்கண்ட அளவுகள், இருபுறமும் வெளிச்சத்தில் எடுத்த படம் இவை போதும். காலியான படிவத்தைக் கோப்புகளோடு சேர்த்தே வைத்தால் நிரப்புவார்கள்; வெறுமனே "விவரமாக எழுதுங்கள்" என்றால் எழுதமாட்டார்கள்.

இந்த மூன்று பகுதிகளும் சேர்ந்து தருவது ஒன்றுதான்: எந்தப் பாகம், எந்தப் பதிப்பு, எந்த அளவு என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் இருந்தால், கையில் இல்லாத பலகையையும் தூரத்தில் இருப்பவர் ஆராயலாம்.

முடிவெடுப்பது யார், எப்போது

டொரான்டோ நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. இருவரும் விழித்திருக்கும் நேரம் நம் மாலை – அவர்கள் காலை, அல்லது நம் காலை – அவர்கள் இரவு மட்டும். எனவே வாரம் ஒரு அழைப்பு போதும். முடிவுகள் எழுத்தில் நடக்கட்டும். அழைப்பில் பேசி முடித்ததை அன்றே காரணத்தோடு எழுதிவிட வேண்டும். "ரிலே 5 வோல்ட், 3.3 அல்ல. காரணம்: ரிச்சி தெருவில் எளிதில் கிடைப்பது இது" என்ற ஒரு வரி, அடுத்த வருடம் அதே விவாதம் மறுபடி எழாமல் தடுக்கும்.

வாட்ஸ்அப் குழு பேச்சுக்கு நல்லது. முடிவுக்கு அது ஆகாது, பிறகு தேடி எடுப்பது கடினம்.

மென்பொருளில் தவறான மாற்றத்தை ஒரு நிமிடத்தில் திரும்பப் பெறலாம். ஆர்டர் கொடுத்த பலகையைத் திரும்பப் பெற முடியாது. பணமும் இரண்டு மூன்று வாரமும் போனதுதான். அதனால் ஆர்டருக்கு முன் ஏழு நாள் கோப்புகளைப் பூட்டிவைத்து, வரையாத இருவராவது பார்க்க வேண்டும். ஒருவர் உறைகளையும் கால் வரிசைகளையும் டேட்டாஷீட்டோடு (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) ஒப்பிடட்டும். இன்னொருவர் பலகையை ஒன்றுக்கு ஒன்று அளவில் காகிதத்தில் அச்சிட்டு, உண்மையான கனெக்டர்களை அதன் மேல் வைத்துப் பார்க்கட்டும். பிறகு ஆர்டர் பொத்தானை அழுத்தும் அதிகாரம் ஒருவரிடம் மட்டும் இருக்க வேண்டும், பணம் யாருடையது என்பதும் அதற்கு முன்பே பேசியிருக்க வேண்டும்.

புதிதாக வருபவருக்கு முதல் வேலை

நான்காவதாக ஒருவர் மதுரையிலிருந்து சேர்கிறார் என்றால், அவரிடம் புரோகிராம் எழுதவோ பலகை வரையவோ சொல்லாதீர்கள். கோப்புகளை மட்டும் வைத்து ஒரு கருவியை முழுதாகச் செய்யச் சொல்லுங்கள். டயோடின் கோடு எந்தப் பக்கம், எந்தத் திருகு முதலில், கேபிள் எவ்வளவு நீளம் என்று அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் ஆவணத்தில் இருக்கும் ஓட்டை. பதிலை அவருக்குத் தனியாக அனுப்பாமல் பொருத்தும் குறிப்பில் சேர்த்துவிட்டு, அந்த வரியின் இணைப்பை அவருக்கு அனுப்புங்கள். கேள்வி கேட்டவரே அந்தக் குறிப்பைத் திருத்தி அனுப்பினால் இன்னும் நல்லது. எது விளங்கவில்லை என்று அவருக்குத்தான் துல்லியமாகத் தெரியும். திட்டத்துக்கு அவர் தரும் முதல் பங்களிப்பாகவும் அது பதிவாகும்.